யூத் அகாடமிக்குப் போன பையனுக்கு மென்ட்டராக இருந்த அனுபவம்

சியாட்டில் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன், நேஷனல் கார்டு (மாநில அளவிலான ரிசர்வ் ராணுவம்) பள்ளிப் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக நடத்தும் யூத் சேலஞ்ச் என்ற தங்கிப் படிக்கும் திட்டத்தில் சேர்ந்து படித்து வெளியே வந்தான். அவனுக்கு மென்ட்டராக, அதாவது கூடவே இருந்து துணை நிற்கும் பெரியவராகக் கையெழுத்துப் போட்டவன் நான். இதைப் பற்றித் தமிழில் யாரும் விவரமாக எழுதி நான் பார்த்ததில்லை. சில வீடுகளில் இப்போதும் இதே கவலை ஓடிக்கொண்டிருக்கும் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

அவன் அப்பா என் நண்பர். பையன் எட்டாவது படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். அம்மாவுக்கு இரவு ஷிப்ட் வேலை. பையன் மெல்ல மெல்லப் பள்ளிக்குப் போவதை விட்டான். வாஷிங்டன் மாநிலத்தில் நான்கு வருஷ ஹைஸ்கூலை முடிக்க 24 கிரெடிட் (பாடங்களை முடித்தால் கிடைக்கும் புள்ளி) வேண்டும், அதாவது வருஷத்துக்கு ஆறு. பதினோராம் வகுப்புக்குப் போகும்போது பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் அவனிடம் ஏழுதான் இருந்தது. சண்டை, திருட்டு என்று எதுவும் இல்லை. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பகல் முழுக்கத் தூங்குவான், இரவெல்லாம் போனில் இருப்பான்.

பள்ளி கவுன்சிலர்தான் இந்த யூத் சேலஞ்ச் திட்டம் நடக்கும் இடமான, பிரெமர்ட்டனில் இருக்கும் வாஷிங்டன் யூத் அகாடமியைச் சொன்னார். அந்த அம்மா பயந்துவிட்டார். "அண்ணா, ஜெயில் மாதிரி இடத்துக்கா அனுப்பச் சொல்றாங்க?" என்று இரவு பத்து மணிக்கு எனக்குப் போன். அவர் இணையத்தில் தேடியபோது முதலில் கண்ணில் பட்டது 2006-இல் புளோரிடாவில் ஷெரிப் அலுவலகம் நடத்திய பூட் கேம்ப்பில் (தப்புச் செய்த சிறுவர்களுக்கான ராணுவப் பாணி முகாம்) நடந்த கொடுமை. மார்ட்டின் லீ ஆண்டர்சன் என்ற 14 வயதுப் பையனைக் காவலர்கள் அடித்து அழுத்திப் பிடித்தது வீடியோவில் பதிவானது. மறுநாள் அவன் இறந்தான். அதைப் படித்த எந்தத் தாய் பயப்படாமல் இருப்பாள்?

இரண்டும் ஒன்றில்லை என்று அவருக்குப் புரியவைக்கவே சில நாள் ஆனது. பூட் கேம்ப்புக்கு நீதிமன்றம் தண்டனையாக அனுப்பும். யூத் சேலஞ்ச் அப்படி இல்லை, பையன் தானாக விரும்பிச் சேர வேண்டும், வேண்டாமென்றால் வெளியே வந்துவிடலாம். 1993-இல் சில மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கிய திட்டம் இது. வயது 16 முதல் 18 வரை. குற்றவழக்கு நிலுவையில் இருக்கக்கூடாது, சேரும்போது போதைப்பொருள் பழக்கம் இருக்கக்கூடாது. பெற்றோர் கல்விக்கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. செலவில் முக்கால் பங்கை மத்திய அரசும் மீதியை மாநிலமும் ஏற்கின்றன. முடித்தபின் ராணுவத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. நம்மவர்கள் முதலில் கேட்பது இதைத்தான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். தனியார் நடத்தும் "திருத்தும் பள்ளி"களைப் பற்றி விசாரிப்பவர்கள் தயவுசெய்து இதோடு அவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே நடந்த கொடுமைகளுக்காகவே 2024 டிசம்பரில் தனியாக ஒரு மத்தியச் சட்டம் வந்தது.

விண்ணப்பம் பெரிய கட்டு. பள்ளி மதிப்பெண் விவரம், டாக்டர் பரிசோதனை, தடுப்பூசிப் பதிவு, பல் டாக்டர் சீட்டு, பெற்றோர் கையெழுத்துகள். அமெரிக்கக் குடிமகனாகவோ சட்டபூர்வமாக வசிப்பவராகவோ இருக்க வேண்டும். இவன் இங்கேயே பிறந்தவன் என்பதால் அதில் சிக்கல் வரவில்லை. நேர்காணலில் அம்மாவை விட்டுவிட்டுப் பையனிடம்தான் பேசினார்கள். "யார் சொல்லி வந்தாய்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். "நானேதான்" என்று சொல்லிவிட்டு வந்து, வழியெல்லாம் அழுதிருக்கிறான்.

அந்தக் கட்டில் மென்ட்டர் படிவமும் இருந்தது. அம்மா அதைக் கடைசியாக எடுத்து, "சும்மா ஒரு கையெழுத்து போதும்ணா" என்று நீட்டினார். நான் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். பையன் உள்ளே இருப்பது 22 வாரம். அதற்கப்புறம் 12 மாதம் மென்ட்டர் தொடர்பில் இருக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் திட்டத்தின் பெரும்பகுதி வெளியேதான் நடக்கிறது. மென்ட்டர் அதே பாலினத்தவராக இருக்க வேண்டும், அதே வீட்டில் வசிப்பவராகவோ நெருங்கிய ரத்த உறவாகவோ இருக்கக்கூடாது. பின்னணிச் சோதனை உண்டு, பயிற்சியும் உண்டு. நான் மனைவியிடம் பேசிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஏனென்றால் அந்த வருஷம் எங்கள் வீட்டு வார இறுதிகளிலும் பங்கு கேட்கப்போகிறது.

ஜனவரியில் சேர்ந்தான். முதல் இரண்டு வாரம் பழகும் காலம். முடி வெட்டு, போன் கிடையாது, விடியும் முன் எழுந்து ஓட்டம், சாப்பிடுவதிலிருந்து படுக்கை விரிப்பது வரை எல்லாம் சொன்னபடி. பலர் விட்டுப் போவது இந்தக் கட்டத்தில்தான். அந்த இரண்டு வாரம் அம்மா படுத்திய பாட்டை விவரிக்க வேண்டாம். பிறகு வந்த முதல் கடிதம் அரைப்பக்கம்: "கால் வலிக்கிறது. தூக்கம் வருகிறது. சாம்பார் சாதம் கனவில் வந்தது." அதைப் படித்த பிறகுதான் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

அப்புறம் 20 வாரம் படிப்பு. இந்த அகாடமியில் எட்டு கிரெடிட் வரை பெறலாம், அதாவது ஒரு பள்ளி வருஷத்துக்கும் மேலானதை ஐந்து மாதத்தில். கூடவே உடற்பயிற்சி, சமூக சேவை குறைந்தது 40 மணி நேரம், வேலைக்கு விண்ணப்பிக்கப் பழகுவது, பணத்தைக் கையாள்வது. நானும் ஒரு சனிக்கிழமை ஃபெர்ரியில் பிரெமர்ட்டன் போய் மென்ட்டர் பயிற்சி எடுத்தேன். அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது: அறிவுரை சொல்லாதீர்கள், சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். உள்ளே இருக்கும்போதே ஒவ்வொரு பையனும் வெளியே வந்தபின் எங்கே இருப்பேன், எங்கே படிப்பேன், என்ன வேலை பார்ப்பேன் என்று எழுத்தில் திட்டம் போட வேண்டும். அதை அவனோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தேன். "காலையில் ஆறு மணிக்கு எழுவேன்" என்று எழுதியிருந்தான். "யார் எழுப்புவாங்க? அம்மா ஷிப்ட் முடிஞ்சு வர்றதே ஏழரைக்கு" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "நீங்க போன் பண்ணுங்க மாமா" என்றான். அதையும் திட்டத்தில் எழுதினோம்.

ஜூனில் பட்டமளிப்பு. நிமிர்ந்து நடந்து வந்தவனை அவன் அம்மாவுக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். தெரிந்தவர்கள் பலர், "அப்பாடா, முடிந்தது" என்றார்கள்.

முடியவில்லை. உள்ளே அவனுக்கு மணி அடிக்க ஆள் இருந்தது, படிக்காமல் இருக்க வழியே இல்லை. வீட்டில் அதே அறை, அதே கதவு, அதே போன். ஜூலை நடுவிலேயே ஆறு மணி போனை எடுக்காமல் விடத் தொடங்கினான். நான் திட்டவில்லை, நேரே போய் மணியடித்தேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்ததும் இருவரும் நடந்தோம். பேச்சு அதிகம் இருக்காது. சில நாள் அவன் அப்பாவைப் பற்றி அவனே கேட்பான். எனக்குத் தெரிந்த பழைய கதைகளைச் சொல்வேன். அகாடமியில் ஐந்து மாதத்தில் சொல்லிக்கொடுக்க முடியாத ஒன்று அந்த நடையில் அவனுக்குக் கிடைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செப்டம்பரில் பழைய பள்ளிக்குத் திரும்பினான். அங்கே அகாடமி கிரெடிட்களைப் பதிவு செய்வதில் இழுத்தடித்து, ஏற்கெனவே முடித்த பாடத்திலேயே மறுபடி உட்கார வைத்தார்கள். இரண்டாவது வாரமே அவன், "இதுக்குத்தானா அவ்ளோ ஓடினேன்?" என்று பையைத் தூக்கிப் போட்டான். அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் அவர் அனுமதிக் கடிதத்தோடு நான் போனேன். அகாடமி கேஸ் மேனேஜரும் போனில் பேசினார். அட்டவணை மாறியது. அன்றைக்கு யாரும் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பையன் பள்ளியை விட்டிருப்பான். இப்படி ஒரு சின்ன முட்டுக்கட்டையில்தான் 22 வாரம் வீணாகும்.

பத்து அகாடமிகளில் எம்டிஆர்சி என்ற நிறுவனம் செய்த ஆய்வு 2011-இல் முழுமையாக வெளியானது. விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து மூன்று வருஷம் கழித்துப் பார்த்தார்கள். இடம் கிடைத்தவர்களில் 72 சதவீதம் பேர் ஹைஸ்கூல் டிப்ளமோவோ அதற்கு இணையான ஜிஇடி சான்றிதழோ பெற்றிருந்தார்கள், கிடைக்காதவர்களில் 56 சதவீதம். கல்லூரிக் கிரெடிட் பெற்றவர்கள் இடம் கிடைத்தவர்களில் 35 சதவீதம், கிடைக்காதவர்களில் 19. வேலையில் இருந்தவர்கள் அதேபோல் 58 சதவீதம், 51 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் குற்றம், உடல்நலம், பழக்கவழக்கம் போன்றவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. படிப்பை அகாடமி நகர்த்துகிறது. பழைய தெரு, பழைய சேர்க்கை, பழைய தனிமை எல்லாவற்றையும் அதுவே மாற்றிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

எங்கள் பையன் முன்பே இருந்த 7, அகாடமியில் பெற்ற 8 கிரெடிட் போக மீதி ஒன்பதில் ஆறைப் பள்ளியிலும் மூன்றை ஆன்லைனிலும் முடித்து, தன் வகுப்போடு சேர்ந்தே ஹைஸ்கூல் முடித்தான். மாலையில் மளிகைக் கடையில் வேலை பார்த்தான். இப்போது கம்யூனிட்டி காலேஜில் எலக்ட்ரீஷியன் படிப்பு.

யோசிக்கிற பெற்றோருக்கு: பிரெமர்ட்டனில் வருஷத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கிறார்கள். டாக்டர் சீட்டு, பள்ளிப் பதிவு எல்லாம் கைக்கு வர நேரம் பிடிக்கும், மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். மென்ட்டர் படிவத்தைக் கட்டின் அடியிலிருந்து எடுத்து மேலே வையுங்கள். ஊரில் பெரிய மனிதர் வேண்டாம். பதினைந்து நிமிடத்தில் உங்கள் வாசலுக்கு வந்து நிற்கக்கூடியவராக, பையனுக்குப் பிடித்தவராகப் பாருங்கள். அவரிடம், "ஒரு வருஷம் முடியுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். அவர் தயங்கினால் இன்னொருவரைத் தேடுங்கள்.