ரோட் கிங்குக்கு எந்தக் கேம்?

என்னிடம் இருப்பது 2012-ஆம் ஆண்டின் ஹார்லி-டேவிட்சன் ரோட் கிங் மோட்டார்சைக்கிள். அதன் ட்வின் கேம் 103 இன்ஜினில், அதாவது V வடிவில் இரண்டு சிலிண்டர்கள் கொண்ட 1,690 சிசி வி-ட்வினில், இதுவரை இரண்டு முறை கேம்ஷாஃப்ட் மாற்றியிருக்கிறேன். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு அது; சுருக்கமாகக் கேம். முதல் முறை மாற்றியது தவறு என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அதற்குச் செலவழித்த பணத்தை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது.

அமெரிக்காவின் சார்லட் நகரில் நான் அப்போது வழக்கமாகச் சென்ற ஒரு பட்டறையின் பரிந்துரைப்படி முதல் கேமை வாங்கினேன். அவர்கள் காட்டிய டைனோ தாளில், அதாவது திறன் அளக்கும் கருவி தந்த வரைபடத்தில், குதிரைத்திறன் கோடு 5,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5,500 சுழற்சி) வரை விழாமல் ஏறிக்கொண்டே போனது. அந்த உச்சியைப் பார்த்து மயங்கிய நான், வரைபடமே 3,000 ஆர்பிஎம்மில்தான் தொடங்குகிறது என்பதைக் கவனிக்கவில்லை.

அந்தக் கோடைக்காலத்தில் மனைவியுடன், இரண்டு பக்கப் பெட்டிகளும் நிறைந்திருக்க, ப்ளூ ரிட்ஜ் பார்க்வேயில் பயணம் செய்தோம். வர்ஜீனியாவையும் வட கரோலினாவையும் மலைமுகட்டு வழியே இணைக்கும் 469 மைல் சாலை அது. வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 45 மைல், அதாவது 72 கி.மீ. அந்த வேகத்தில் ஐந்தாவது கியரில் இன்ஜின் ஏறத்தாழ 2,000 ஆர்பிஎம்மில் சுழலும். மேட்டில் த்ராட்டிலைத் திருகினால் சத்தம் கூடியதே தவிர வண்டி நகர மறுத்தது. ஒவ்வொரு வளைவுக்கும் நான்கு, மூன்று என்று கியரைக் குறைக்க வேண்டியிருந்தது. “வண்டிக்கு உடம்பு சரியில்லையா?” என்று பின்னாலிருந்து கேள்வி வந்தது.

அதன் பிறகு செய்ததை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அடுத்த பயணத்தில், நிறுத்திய இடங்களிலெல்லாம் இன்ஜின் சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள் அதுவரை எங்கே நின்றது என்பதைச் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். மலைச்சாலையில் 1,900 முதல் 2,800 வரை. நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் 70 மைல் வேகத்துக்கு 2,600-ஐ ஒட்டி. முள் 5,000-ஐத் தொட்டது இரண்டே முறை, இரண்டும் நெடுஞ்சாலையில் நுழையும்போது. நான் காசு கொடுத்து வாங்கிய திறன் முழுவதும் நான் போகாத இடத்தில் இருந்தது.

கேம் பட்டியல்களில் லிஃப்ட் (தூக்கும் உயரம்), டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் காலம்), ஓவர்லாப் (இரு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் காலம்) என்று பல எண்கள் இருந்தாலும், பாரம் ஏற்றி ஊர் சுற்றும் வண்டிக்கு நான் முதலில் பார்ப்பது, காற்று-எரிபொருள் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு மூடும் கோணத்தைத்தான். பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் இன்டேக் வால்வு சற்று நேரம் திறந்தே இருக்கும். வேகமான சுழற்சியில், உள்ளே பாய்ந்துவரும் கலவை தன் உந்தத்தாலேயே சிலிண்டரை மேலும் நிரப்பும். மெதுவான சுழற்சியில் அந்த உந்தம் இல்லாததால், ஏறும் பிஸ்டன் அதே கலவையில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். வால்வு மூடிய பிறகுதான் உண்மையான அழுத்தம் தொடங்குகிறது. 103-இன் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 4.375 அங்குலம், கம்ப்ரஷன் விகிதம் (கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது) 9.6. பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி கிராங்க் 25 டிகிரி சுழன்றதும் வால்வு மூடினால் அந்த விகிதம் நடைமுறையில் 9.3 ஆகவும், 45 டிகிரியில் மூடினால் 8.65 ஆகவும் இறங்குவதாக என் கணக்கு காட்டியது. முதல் கேம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. (ஹார்லி கேம்களின் கோணங்களை 0.053 அங்குல லிஃப்டில் அளப்பது வழக்கம். கார் கேம்களுக்கு 0.050. இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்பி ஒரு மாலையை வீணாக்கினேன்.)

அப்படியானால் எவ்வளவு சீக்கிரம் மூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. ஹார்லியின் விலை உயர்ந்த சிறப்புப் பதிப்புகளான சிவிஓ வண்டிகளின் 110 இன்ஜினில் வந்த ஸ்க்ரீமின் ஈகிள் 255 கேம் அப்படிச் சீக்கிரம் மூடும் வகை. கீழ்ச் சுழற்சியில் அதன் இழுவை அபாரம். ஆனால் சிலிண்டர் அழுத்தம் மிகுவதால் ஸ்டார்ட்டர் திணறும். 110-இல் அதற்கென்றே, ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைச் சற்று வெளியேற்றும் கம்ப்ரஷன் ரிலீஸ் வைத்திருந்தார்கள். ஆகஸ்ட் வெயிலில், பாரத்துடன் மேடேறும்போது நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து இன்ஜின் தட்டுவது) வரும் என்ற அச்சத்தால் அதை விலக்கினேன். வண்டியோடு வந்த பழைய ஸ்டாக் கேமையே திரும்பப் போட்டிருக்கலாம்; பட்டறையில் அதை எடுத்து வைத்திருக்கவில்லை.

இறுதியில் இரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்ட்ரூஸ் 48 என்ற கேமைத் தேர்ந்தெடுத்தேன். லிஃப்ட் மிதமானது என்பதால் வால்வு ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியதில்லை. மேல்பகுதியைப் பிரிக்காமலே பொருத்தலாம்.

இம்முறை நண்பரின் கராஜில் நாங்களே வேலை செய்தோம். கேம் உறையைத் திறந்ததும் உள் நீடில் பேரிங்குகளையும் மாற்றிவிட்டோம். அவ்வளவு தூரம் பிரித்த பிறகு பழைய பேரிங்கை விட்டுவைப்பது கஞ்சத்தனம். கேமின் அசைவை மேலே வால்வுகளுக்குக் கொண்டுசெல்லும் தண்டுகளான புஷ்ராடுகளில் நீளம் மாற்றக்கூடியவற்றைப் போட்டதால், சிலிண்டரின் உச்சியில் உள்ள ராக்கர் பெட்டியைத் தொடாமல் தப்பித்தோம். பொறுமையைச் சோதித்தது அதற்கடுத்த வேலைதான். ஒரு சிலிண்டரின் புஷ்ராடுகளைச் சரிசெய்தபின், கேமுக்கும் புஷ்ராடுக்கும் இடையிலுள்ள ஹைட்ராலிக் லிஃப்டரில் இருக்கும் எண்ணெய் வடிந்து வால்வுகள் முழுதாக மூடும்வரை இன்ஜினைச் சுழற்றக் கூடாது. அவசரப்பட்டால் வால்வு வளையும். புஷ்ராடை இரு விரலால் பிடித்துச் சுழற்றிப் பார்த்தேன், அசையவில்லை. காபி குடித்துவிட்டு வந்து மறுபடி தொட்டபோது மெழுகு தடவியதுபோல வழுக்கிச் சுழன்றது. பிறகே அடுத்த சிலிண்டர். எவ்வளவு எரிபொருள் செல்ல வேண்டும் என்று இன்ஜின் கணினிக்குச் சொல்லும் எரிபொருள் மேப்பையும் புதிய கேமுக்கு ஏற்ப மாற்றி எழுதினோம்.

அக்டோபரில் அதே பார்க்வேயில், 6,684 அடி உயரமுள்ள மவுண்ட் மிட்செலுக்குப் பிரியும் சாலை வரை போனோம். பெரும்பாலான மேடுகளில் ஐந்தாவது கியரை மாற்றவே தேவைப்படவில்லை. 4,500-க்கு மேல் மூச்சு வாங்குவது உண்மைதான், ஆனால் அங்கே போக எனக்கு வேலையில்லை. பின்னால் அமர்ந்திருந்தவர் வழிநெடுக இலைகளின் நிறத்தைப் பற்றியே பேசிவந்தார். வண்டியின் உடம்பைப் பற்றி விசாரிக்கவில்லை.