36ஆம் கிழமையில் எழுத வேண்டியது

மிகக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு "பிறகு முட்டு வருமோ?" என்று தாய் கேட்டால், முதல் நாளில் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பிறந்த கிழமை, நிறை, ஆணா பெண்ணா (ஆண் பிள்ளைகளுக்கு ஆபத்துக் கூட), அவ்வளவே. பிபிடி, அதாவது குறைமாதப் பிள்ளைகளுக்கு வரும் நாட்பட்ட சுவாசப்பை நோய், வருமா என்று கணிக்க 2011இல் அமெரிக்காவில் வெளிவந்த கணிப்பான் இனத்தையும் கேட்கும். அதில் உள்ளவை வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானியர். யாழ்ப்பாணத்துப் பிள்ளையை எதற்குள் போடுவது? அது தரும் விழுக்காட்டைத் தாயிடம் அப்படியே ஒப்புவிக்கக் கூடாது.

உறுதியாகப் பேசலாம் என்றால் அது 36ஆம் கிழமையில்தான். கருக்காலத்தையும் பிறந்த பின் சென்ற காலத்தையும் கூட்டி வரும் கணக்கு இது; 27 கிழமையில் பிறந்ததற்கு ஒன்பது கிழமை கழித்து வரும். பிபிடியின் 2019 வகைப்பாட்டில் ஒட்சிசன் விழுக்காடு முக்கியமில்லை, எந்த உதவியில் பிள்ளை இருக்கிறது என்பதே முக்கியம்: மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2 லீற்றர் வரை என்றால் முதலாம் தரம், அதற்கு மேல் அல்லது சீபாப் (மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்றுக் கொடுப்பது) என்றால் இரண்டாம் தரம், தொண்டைக் குழாயோடு வென்டிலேற்றர் என்றால் மூன்றாம் தரம்.

பிழை வருவது அநேகமாகப் பிள்ளையின் பதிவுத் தாளில், அதாவது சாட்டில். "ஒட்சிசனில்" என்று மட்டும் எழுதிவிடுவார்கள். அரை லீற்றர் 1 கிலோப் பிள்ளைக்குப் பெரிய அளவு, இரண்டரைக் கிலோப் பிள்ளைக்குச் சிறியது; ஆகவே தரத்துக்குத் தேவையில்லாவிட்டாலும், உண்மையில் எவ்வளவு ஒட்சிசன் போகிறது என்று அறிய ஓட்டம், விழுக்காடு, அன்றைய நிறை மூன்றும் வேண்டும். பழக்கத்தால் மட்டும் ஒட்சிசன் தொடரும் பிள்ளைகளும் உண்டு. குறைந்த அளவில் இருப்பவர்களுக்கு, பால் குடித்துத் தூங்கும்போது படிப்படியாகக் குறைத்து, வெறுங்காற்றில் அரை மணி முதல் ஒரு மணி வரை பார்க்க வேண்டும். இரத்தத்தின் ஒட்சிசன் செறிவு 90 விழுக்காட்டுக்குக் கீழே போய் நின்றால் உதவி இன்னும் தேவை. கால் குளிர்ந்திருந்தாலோ காலில் கட்டிய புரோப் (செறிவை அளக்கும் உணரி) நழுவியிருந்தாலோ வரும் எண்ணை நம்பவேண்டாம்.

தரம் எதுவும் இல்லாத பிள்ளைக்குச் சுவாசப்பை முழுதாக வளர்ந்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. முதல் இரண்டு வருடமும் மாரிகாலத்துச் சளியோடுதான் கூடுதலாக வாட்டுக்குத் திரும்பி வருவார்கள். விறகடுப்புப் புகை, நுளம்புத்திரி, வளவில் குப்பை எரிப்பது, அப்பாவின் சிகரெட் ஆகியவற்றை வீட்டுக்கு விடும்போதே கேட்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு வரும் இழுப்பு எப்போதும் ஆஸ்மா அல்ல. ஸ்டீரொய்ட் பம்ப் பலருக்கு எதிர்பார்த்த அளவு கேட்காது. ஊதிப் பார்க்கும் சோதனை ஐந்து, ஆறு வயதில்தான் சரிவரும். அப்போது பார்க்கும் வைத்தியருக்குப் பிறந்த கிழமையும் 36ஆம் கிழமைத் தரமும் தேவைப்படும். கிளினிக் கொப்பியில் அந்த இரண்டும் பேனையால் எழுதப்பட்டிருக்க வேண்டும்.