உறுதியாகக் கேட்டால்தான் அழுத்துவேன்

அப்பா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தவர். பழக்குலைகளை அவிக்கும் கலத்திலிருந்து ஆவியைத் திறந்துவிடும்போது எழும் இரைச்சல் லயத்து வீடுகள் வரை கேட்கும். அதன் அருகிலேயே நின்றவருக்குக் காதடைப்பான் கிடைத்தது கடைசிச் சில ஆண்டுகளில்தான். "நீ பேசுறது கேக்குதுய்யா, என்ன சொல்றேன்னுதான் பிடிபடல" என்று அவர் அடிக்கடி சொல்லத் தொடங்கியதால், சென்ற மாதம் செவித்திறன் சோதனைக்கு அழைத்துச் சென்றேன்.

ஒலிபுகாத சிறிய அறையில் காதுக்கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சோதனை 1000 ஹெர்ட்ஸில் தொடங்கும். கேட்டதாக அழுத்தினால் ஒலியை 10 டெசிபெல் குறைப்பார்கள்; அழுத்தாவிட்டால் ஐந்து ஐந்தாகக் கூட்டுவார்கள்; பாதித் தடவையாவது கேட்கும் மிகக் குறைந்த அளவே அந்த ஒலிக்குரிய கேட்டல் எல்லை. கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் புருவம் இலேசாக அசைந்தது. கட்டைவிரல் மட்டும் பொத்தானின் மேலேயே நின்றது. சோதித்த பெண்ணும் அதைக் கவனித்துவிட்டார். ஏன் அழுத்தவில்லை என்று அவர் கேட்டதற்கு, "உறுதியா கேட்டாத்தானே அழுத்தணும்?" என்றார் அப்பா. "டெங்கார் பெர்லாஹான் பூன் தெக்கான், பாக்சிக்" என்று அந்தப் பெண் மலாயில் பொறுமையாக விளக்கினார். மெல்லக் கேட்டாலும் அழுத்த வேண்டும். மறுபடி சோதித்தபோது அந்த எல்லை 10 டெசிபெல் இறங்கியது. காது மாறவில்லை; எதைக் 'கேட்டேன்' என்று சொல்லலாம் என்ற அவருடைய அளவுகோல்தான் மாறியது. செவித்துணைக் கருவி எவ்வளவு பெருக்க வேண்டும் என்பது இந்த எண்ணைப் பொறுத்தது என்பதால், இது சிறிய விஷயமல்ல.

மனிதரைக் கேட்காமலே காதைக் கேட்கும் வழிகளும் உண்டு. ஒலிக்கு மூளைத்தண்டு எழுப்பும் மின்னலைகளைத் தலையில் ஒட்டிய மின்முனைகள் மூலம் பதிவுசெய்யலாம் என்பதை ஆய்வாளர்கள் ஜூவட்டும் வில்லிஸ்டனும் 1971இல் விரிவாகக் காட்டினர். 1978இல் இலண்டனில் டேவிட் கெம்ப் வெளியிட்ட கண்டுபிடிப்பு எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது: நல்ல நிலையிலுள்ள உட்செவி தன்னிடம் வந்த ஒலிக்குப் பதிலாகத் தானும் ஒரு மெல்லொலியை வெளியிடுகிறது. பொத்தான் அழுத்தத் தெரியாத பச்சிளங் குழந்தைகளை இன்று இம்முறைகளால்தான் சோதிக்கிறார்கள்.

அப்பாவின் செவித்திறன் வரைபடத்தில் வலது காதின் சிவப்பு வட்டங்களும் இடது காதின் நீலப் பெருக்கல் குறிகளும் 4000 ஹெர்ட்ஸில் ஒருசேரக் கீழே சரிந்திருந்தன. இரைச்சல் முதலில் கடிக்கும் இடம் அதுதான். மலேசியாவின் 1989ஆம் ஆண்டு விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் வரை இடம் கொடுத்தன. 2019ஆம் ஆண்டு விதிகள் அதை 85 ஆக்கின. எண்ணில் ஐந்துதான் குறைவு. ஒலியாற்றலிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அப்பாவின் பணிக்காலம் பழைய எண்ணிலேயே கழிந்துவிட்டது.

பிறகு அவர் காதில் மென்மையான சிறு முனை ஒன்றைச் செருகி, கெம்ப் கண்ட அந்தப் பதிலொலியையும் அளந்தார்கள். அப்பா சும்மா உட்கார்ந்திருந்தார். 1000 ஹெர்ட்ஸில் அவர் காது பதில் கொடுத்தது, 4000இல் ஒன்றுமில்லை. செவித்துணைக் கருவிக்கு இரண்டாம் முறை எடுத்த எண்களையே எழுதிக்கொண்டார்கள்.