தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பாப்பா

செப்டம்பர் 8, 2025, திங்கள்

பாப்பாவுக்கு மூன்றரை வயது. விளையாட்டுப் பள்ளி நோட்டில் இன்று மூன்று பக்கம் ‘அ’ எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். முதல் பக்கம் முடிவதற்குள் விரல் வலிக்கிறது என்று அழுதுவிட்டாள். நானும் விடாமல் கையைப் பிடித்து எழுத வைத்தேன். ராத்திரி வீட்டைப் பெருக்கும்போது பார்த்தால், பென்சிலைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். மனசு கேட்கவில்லை.

இந்த வயதில் விரல் எலும்பே இன்னும் முழுசாக முற்றியிருக்காது. பென்சில் பிடிக்கப் பலம் வருவதற்கு முன் அவளுக்கு வேண்டியது பேச்சு. பேசத் தெரிந்த சொல்லைத்தான் பிள்ளை பிறகு படித்துப் புரிந்துகொள்ளும். நாளைக்கு மிஸ்ஸிடம் போய்ப் பேச வேண்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

மிஸ் ஒப்புக்கொண்டார். இனி ஒரு வரி போதும்.

இன்று என்னிடமே ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். “பாப்பா, இந்தத் துணி என்ன கலர்? பச்சை, இல்லையா?” கேள்வியும் நானே, பதிலும் நானே. நாள் முழுக்க அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். மத்தியானம் காஜா (பட்டன் துளை) எடுத்துக்கொண்டே, “இந்தத் துணியில ஆயாவுக்கு என்ன தைக்கலாம்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஆயா என்பது என் மாமியார். மனதுக்குள் ஐந்து வரை எண்ணத் தொடங்கினேன். ஐந்து எண்ணுவது அவ்வளவு நேரமா என்று ஆச்சரியமாக இருந்தது. நான்கில் இருக்கும்போது பதில் வந்தது: “பை தைக்கலாம். ஆயா வெத்தல பை. உள்ள பாக்கு போடலாம். சுண்ணாம்பு போட்டா ஒட்டிக்கும்.” இத்தனை நாள் இந்தப் பேச்சையெல்லாம் நான்தான் மறித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

“ஆமாம், சுண்ணாம்புக்குத் தனியா டப்பா வேணும், அப்பத்தான் பையில ஒட்டாது” என்று அவள் சொன்னதோடு கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். சொல் கூடுவது அப்படித்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கடலூர் தேவனாம்பட்டினம் பீச். சாயந்திரம் அலை தொட்டுப் போன ஈர மணலில் குச்சியால் எழுத்து போட்டோம். ‘அ’வை விட்டுவிட்டேன். அதில் சுழி இருக்கிறது, வளைவு இருக்கிறது, கோடும் இருக்கிறது. ‘ட’ என்றால் மேலிருந்து ஒரு கோடு கீழே வரும், அப்படியே பக்கத்தில் போகும், முடிந்தது. அதையே மேலே தூக்கினால் ‘ப’. ட, ப, ய, ம என்று வடிவம் ஒன்றிலிருந்து ஒன்று வளர்கிறது. அகர வரிசை பாட்டாகச் சொல்ல நன்றாக இருக்கும், ஆனால் கைக்கு வேறு வரிசைதான் சுலபம். அலை வந்து ‘ப’வை அழித்ததும் கைதட்டிச் சிரித்தாள். அழிந்தால் மறுபடி எழுதலாம், அவ்வளவுதான். நோட்டில் அந்தச் சுதந்திரம் கிடையாது.

செப்டம்பர் 18, வியாழன்

எங்கள் வீட்டில் இப்போது இதுதான் பெரிய விளையாட்டு: சொல்லுக்குக் கை தட்டுவது. ‘ஊசி’ சொன்னால் ஊ, சி என்று இரண்டு தட்டு. ‘நூல்’ ஒரே தட்டு. ‘பட்டன்’ இரண்டு: பட், டன். ‘கத்தரிக்கோல்’ நான்கு: கத், த, ரிக், கோல்.

தட்டிக்கொண்டே இருந்தபோது எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. கத்தரிக்கோலுக்கு எழுத்து ஏழு, தட்டு நான்குதான். மிச்சம் மூன்றும் புள்ளி வைத்த எழுத்துகள். மெய்யெழுத்துக்குத் தனித் தட்டு இல்லை, அது முன்னால் இருக்கிற எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பெரிய பிள்ளைகள்கூட எழுதும்போது புள்ளி எழுத்தை விட்டுவிட்டு ‘பட்டன்’ என்பதைப் ‘படன்’ என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். காதில் தனியாக விழாததைக் கை எப்படி எழுதும்? அதனால் மார்க்கிங் சாக்கால் ஒரு வெட்டுத்துணியில் ‘பட்டன்’ எழுதிக் காட்டி, “தலையில் புள்ளி இருந்தால் அதற்குத் தட்டு கிடையாது” என்றேன். புரிந்ததோ இல்லையோ, புள்ளிகளை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

தமிழில் 247 எழுத்து என்று கேட்டதும் பெற்றவர்கள் பயந்துபோகிறோம். ஆய்தம் ஒன்று போக, 12 உயிரும் 18 மெய்யும் பிடிபட்டால் 216 உயிர்மெய்யும் அவை சேர்வதில் வருவதுதான். அதைக் காதால் கேட்டுப் பழக இன்னும் காலம் இருக்கிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஸ்டோரிவீவர் தளத்தில் பிரதம் புக்ஸ்காரர்கள் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக வைத்திருக்கிறார்கள், அச்செடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் ஜெராக்ஸ் கடையில் ஒன்றை அச்செடுத்து வந்து, நடுவில் மடித்து, மெஷினில் நீளத் தையல் போட்டு ஓட்டினேன். புத்தகம் ஆகிவிட்டது. அம்மா தைத்த புத்தகம் என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஒரே கதையைத் தினமும் கேட்கிறாள். எனக்குச் சலித்தாலும் அவளுக்கு அது தேவை. இன்று பக்கம் திருப்பத் தாமதமானதும் அடுத்த வரியை அவளே சொன்னாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

பள்ளியில் ‘குந்து’ என்று சொன்னாளாம். அப்படிச் சொல்லக்கூடாது, ‘உட்கார்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று எல்லார் முன்னாலும் திருத்தியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஆயாவிடம், “நீ தப்பா பேசுற” என்று சொல்லிவிட்டாள். அத்தை முகம் வாடிப்போனது. ராத்திரி கதையே சொல்லவில்லை.

எனக்கு ரொம்ப வருத்தம். ‘குந்து’ அகராதியில் இருக்கிற தமிழ்ச்சொல். பாப்பாவுக்குப் பாதிச் சொற்கள் அத்தை சொல்லும் கதைகளில் இருந்து வந்தவை. பண்ருட்டிப் பக்கத்துப் பலாத்தோப்பும், முந்திரிக்காட்டு நரியும் வேறு யார் வாயிலிருந்து அவளுக்கு வரும்? அவளை மடியில் வைத்துச் சொன்னேன்: “ஆயாகிட்ட குந்து, மிஸ்கிட்ட உட்கார். ரெண்டும் நம்ம சொல்லுதான்.” அப்புறம் அவளே போய், “ஆயா, வா, குந்திக் கதை சொல்லு” என்றாள்.

செப்டம்பர் 29, திங்கள்

நாத்தனார் பையனுக்கு இரண்டே கால் வயது. இன்னும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வதில்லை. ஆம்பளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான் என்று எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். முதலில் அரசு மருத்துவமனையில் காது கேட்கிறதா என்று பரிசோதித்துவிடு என்று கண்டிப்பாகச் சொன்னேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று மெஷினுக்குப் பொட்டு வைத்து ஆயுத பூஜை. இன்று விஜயதசமி. தாம்பாளத்தில் அரிசி பரப்பி, தாத்தா அவள் விரலைப் பிடித்து ‘அ’ போட்டார். கையை அழுத்தவில்லை, கூடவே போனார். அழவில்லை. முடிந்ததும் பக்கத்தில் தானாக ஒரு ‘ட’ போட்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

தீபாவளிக்கு எட்டு நாள். பிளவுஸ் மலைபோல் கிடக்கிறது, புத்தகம் எடுத்து நான்கு நாளாகிறது. பேச்சை மட்டும் விடவில்லை. பாபின் மாட்டும்போதும் கொக்கி வைக்கும்போதும் என்ன செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மாடி வீட்டு அக்கா அளவு கொடுக்க வந்தார். நான் டேப் பிடித்து அளந்துகொண்டிருக்க, பாப்பா பில் புக்கை எடுத்து என்னவோ கிறுக்கினாள். அக்கா திட்டப்போனார், தடுத்துவிட்டேன். “என்ன எழுதியிருக்க?” என்று கேட்டு, ஐந்து எண்ணினேன். கிறுக்கலின் மேல் விரலை ஓட்டி, இடமிருந்து வலமாகப் படித்தாள்: “அக்காவுக்கு. கை. பெருசா. பட்டன்.”

கடைசியில் ‘ட’ மாதிரி ஒன்று இருந்தது. அதன் தலைக்கு மேல் அழுத்தமாக ஒரு புள்ளி.

“இது எதுக்கு பாப்பா?”

“அதுக்குத் தட்டு கிடையாதும்மா.”