நிலைப்படி ஏழு அங்குலம்

என் கோட்டுப் பையில் இரண்டு அளவுகோல்கள் இருக்கும். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பார்க்க கோனியோமீட்டர். கூடவே, தையல்காரர் கழுத்தில் தொங்குமே, அந்த இஞ்ச் டேப். அதை வாங்க வைத்தவர் ஒரு பெரியவர்.

காரைக்குடியில், உள்நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்சி தரும் மறுவாழ்வு வார்டில் பிசியோதெரபிஸ்டாக நான் சேர்ந்த புதிது. பக்கவாதத்தில் விழுந்த அவரை ஆறு வாரத்தில் நடக்க வைத்தேன். வராந்தாவில் ஊன்றுகோலோடு ஐம்பது மீட்டர் தடங்கலில்லாமல் நடந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் இடுப்பெலும்பு முறிந்து திரும்பி வந்தார். முகப்பிலிருந்து வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டுக்குள், நுழையும் நிலைப்படியில் கால் தட்டி விழுந்திருக்கிறார். எங்கள் வார்டில் நிலைப்படியே கிடையாது. அவர் வீடு எப்படி இருக்கும் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செட்டிநாட்டு வீட்டில் நடப்பது வேறு வித்தை. தெருவிலிருந்து படியேறினால் திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி. ஒவ்வொன்றுக்கும் நடுவே தேக்கு நிலை. தரையில் ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் செய்யும் சிமெண்ட் ஓடு. கண்ணாடி மேல் வார்த்தெடுப்பதால் அப்படியொரு வழவழப்பு. முற்றத்தில் மழை பெய்து சாரல் தெறித்தால், நல்ல காலுள்ளவர்களே பார்த்துத்தான் கால் வைப்பார்கள். அதன் பிறகு யார் வந்து படுத்தாலும், முதல் வாரத்திலேயே வீட்டாரிடம் நிலைகளை அளந்து வரச் சொல்லிவிடுவேன்.

சில வருடங்கள் கழித்து ஓர் ஆச்சி வந்தார். அறுபத்தெட்டு வயது. கல்யாண வீடுகளுக்கு மணகோலம், சீப்புச்சீடை என்று பலகாரம் செய்து கொடுத்தவர். அதிகாலையில் கை மரத்ததை வாயு என்று நினைத்து, சோடா குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு; அது தாண்டிவிட்டது. மூளையின் வலப்பக்கத்தில் அடைப்பு. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது.

முதல் வாரமே மருமகள் என்னிடம் வந்து அழுதார். "தினம் இலை போட்டுத்தான் பரிமாறுறேன். உப்பு வைக்கலை, பொரியல் வைக்கலைன்னு எல்லார் முன்னாடியும் சொல்றாக." மத்தியானம் போய்ப் பார்த்தேன். இலையின் வலது பாதி துடைத்துவிட்டாற்போல் காலி. இடது பாதியில் வைத்தது வைத்தபடி: உப்பு, ஊறுகாய், பீன்ஸ் பொரியல், ஓர் அப்பளம். வலப்பக்க மூளை அடிபட்டவர்கள் சிலருக்கு இப்படி ஆகும். கண்ணில் கோளாறு இருக்காது. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்கு எட்டாது. ஆச்சி சொன்னது பொய்யில்லை. மருமகள் மேல் பிழையுமில்லை. இலையின் இடது ஓரத்தில் ஒரு செம்பருத்தியை வைத்து, "பூ தெரியிற வரைக்கும் தலையைத் திருப்புங்க ஆச்சி, அப்புறம் கை வைங்க" என்றேன். நாலாம் நாள், பூவைப் பார்த்துவிட்டு ஆச்சி மெதுவாகக் கேட்டார்: "அப்ப இத்தனை நாளும் அவ வச்சிருந்தாளா?" மருமகள் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இந்த வேலையில் நான் அதிகம் மன்றாடுவது குடும்பத்தாரிடம்தான். பாசத்தில், விழுந்துபோன கையைப் பிடித்துத் தூக்குவார்கள். பிடிமானமில்லாத தோள் மூட்டு இறங்கி, பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். தலை வாரிவிடுவார்கள், ஊட்டிவிடுவார்கள். சட்டைப் பித்தானைப் போட ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகட்டுமே, காத்திருங்கள் என்று கெஞ்சுவேன். மூளை புது வழி கண்டுபிடிப்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான். முதல் மூன்று மாதத்தில் அது கற்றுக்கொள்ளும் வேகம் பிறகு வராது.

ஆச்சியின் மகன் அளந்து வந்தார்: நிலைப்படி ஏழு அங்குலம். ஆசாரியை வைத்து வேப்பங்கட்டையில் அதே உயரத்துக்கு ஒரு நிலை செய்து வார்டில் போட்டேன். முதலில் நல்ல கால் மேலே, பிறகு விழுந்த கால், அப்புறம் இறக்கம். அதுதான் ஆபத்தில்லாத வழி. ஆச்சி மறுத்துவிட்டார்.

"நிலையில காலை வைக்கவா? மகாலட்சுமி இருக்கிற இடம் ஆத்தா."

"இது வெறும் கட்டை ஆச்சி."

"கட்டைன்னா அப்புறம் எதுக்கு நிலைன்னு சொல்லிக் குடுக்கிற?"

என்னிடம் பதிலில்லை. மறுநாள் பார்த்தால், வார்டு ஆயா அந்தக் கட்டைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார். திட்டத்தை மாற்றினேன். மிதிக்காமல் தாண்ட வேண்டுமென்றால் தொடை நன்றாகத் தூக்க வேண்டும், பாதம் தொங்கக் கூடாது. இரண்டு அங்குலக் கட்டையில் தொடங்கினோம். பாதத்தைத் தாங்கப் பிளாஸ்டிக் பட்டை போட்டோம். அது வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் ஒட்டினோம். நல்ல கை நிலைக்காலைப் பிடித்திருக்கும். கட்டைவிரல் மரத்தில் 'டொக்' என்று தட்டும் ஒவ்வொரு முறையும் ஆச்சி கண்ணை மூடி "மன்னிச்சுக்க தாயே" என்பார். மூன்று வாரத்தில் அந்தச் சத்தம் குறைந்தது. ஏழு அங்குலத்தைத் தாண்டிய அன்று பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் கை தட்டினார்கள்.

அந்த வாரங்களில் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். 1954-இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் 1966-இல் வேலூரில் உருவானது அவரால்தான். ஒரு படி எவ்வளவு உயரம் என்பது அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. எனக்கு டேப் வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு நாள் ஆச்சியோடு அவர் வீட்டுக்குப் போனேன். முகப்பு நிலை, தாண்டினார். வளவு நிலை, தாண்டினார். அடுப்படி வாசலில் நின்றுவிட்டார். உள்ளே பித்தளைத் தேன்குழல் அச்சு சுவரில் தொங்கியது. நான் குனிந்து நிலையை அளந்தேன். ஒன்பது அங்குலம். மகன் முகப்பை மட்டும் அளந்திருக்கிறார்.

ஆச்சி அச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆசாரிட்ட சொல்லி அந்தக் கட்டையை ரெண்டு அங்குலம் உசத்து ஆத்தா. இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வர்றேன்."