பாப்பாவுக்கு என்ஓடி2 ஜீன் டெஸ்ட் எடுத்த கதை

ஒன்றரை வயசுல பாப்பாவுக்கு உடம்பு பூரா பொடிப்பொடியா தடிப்பு வந்துச்சு, அரிப்பு கிடையாது, ஆனா தடவுனா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். ஸ்கின் டாக்டர் எக்ஸிமான்னு க்ரீம் குடுத்தாங்க, கொஞ்ச நாள்ல மங்குச்சு, நாங்களும் மறந்துட்டோம். மூணு வயசுல கணுக்கால் ரெண்டும் வீங்குச்சு. அமுக்குனா ஸ்பான்ஜ் மாதிரி அமுங்குது, இவ என்னடான்னா வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லாம வீடு பூரா ஓடிக்கிட்டு இருக்கா. குழந்தைகளுக்கு வர்ற ஆர்த்ரைடிஸ்னு மருந்து ஆரம்பிச்சாங்க. நாங்க தடிப்பு கதைய அங்க சொல்லவே இல்ல, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சோம்.

ஒருநாள் பேப்பர்ல கைய வச்சு பென்சில்ல சுத்தி வரைஞ்சு விளையாடிட்டு இருந்தோம். அவ விரல் பேப்பர்ல படியவே இல்ல, நடு மூட்டு மடங்கியே நிக்குது, நான் மெதுவா அமுக்கியும் நேராகல. பென்சில் வெளிய வெளிய போய் வரைஞ்ச கை நண்டு மாதிரி வந்துச்சு, அவளுக்கு ஒரே சிரிப்பு, எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

அடுத்த விசிட்ல கண்ணையும் பாத்துருங்கன்னு அனுப்புனாங்க. கண்ணு செவக்கல, பீளை இல்ல, எதுக்கு வெட்டியா அலைச்சல்னு நான் முனகிக்கிட்டே தான் போனேன். கண்ணுக்குள்ள பெருசாக்கிப் பாக்கற ஸ்லிட் லேம்ப் மெஷின்ல பாத்துட்டு உள்ள அழற்சி இருக்கு, யூவியைடிஸ்னு சொல்லிட்டாங்க. வெளிய தெரியாமயே கண்ணக் கெடுக்கற வியாதி இது, அதனால மூட்டு வீக்கம் இருக்கற குழந்தைன்னா கண்ணு டெஸ்ட்ட தள்ளிப் போடாதீங்க. அந்த கண் டாக்டரம்மா தான் முதல்ல கேட்டாங்க, "இதுக்கு முன்னாடி தோல்ல ஏதாவது வந்துச்சா சார்?" போன்ல ரெண்டு வருஷம் பின்னாடி போய் போட்டோ தேடிக் காமிச்சேன்.

அதுக்கப்புறம் தான் வேகம் எடுத்துச்சு. மறுபடி லேசா தடிப்பு வந்தப்ப துளி தோல் எடுத்து பயாப்ஸி பண்ணதுல கிரானுலோமான்னு வந்துச்சு, அதாவது அழற்சி செல்லுங்க ஒண்ணா சேர்ந்த குட்டிக் குட்டி முடிச்சு. கிரானுலோமான்னாலே டிபியான்னு பாக்கணும், அது இல்லன்னு ஆனதும், இதே மாதிரி முடிச்சு வர்ற சார்கோய்டோசிஸா, இல்ல ஜீன் மாற்றத்தால வர்ற ப்ளா சிண்ட்ரோமாங்கற அபூர்வ நோயான்னு பேச்சு. தோல், மூட்டு, கண்ணு மூணும் இவ்ளோ சின்ன வயசுலன்னா ப்ளாவா தான் இருக்கும், அதுக்குக் காரணமான என்ஓடி2 ஜீன டெஸ்ட் பண்ணிருவோம்னாங்க. ஊதா மூடி ட்யூப்ல கொஞ்சூண்டு ரத்தம், அவ்வளவு தான். காத்திருந்த ஆறு வாரம் தான் கொடுமை.

நான் சும்மா இருக்காம என்ஓடி2ன்னு தேடி, பக்கம் பூரா க்ரோன்ஸ், குடல் வியாதின்னு வர, ராத்திரி தூக்கமே போச்சு. ஜெனடிக் கவுன்சிலர் தான் தெளிவா சொன்னாங்க. 16ஆவது குரோமோசோம்ல இருக்கற ஜீன், அது செய்யற ரிசப்டர், அதாவது உணர்ற புரதம், செல்லுக்கு உள்ள உக்காந்து, பாக்டீரியா சுவரோட ஒரு துண்டு தட்டுப்பட்டா மணி அடிக்கற வேலை. க்ரோன்ஸ் ரிஸ்க்க கூட்டற மாற்றங்கள்ல மணி சரியா அடிக்காது. ப்ளால தலைகீழ், காலிங் பெல் ஸ்விட்ச் உள்ளயே மாட்டிக்கிட்ட மாதிரி, வாசல்ல யாரும் இல்லாமயே அடிச்சிட்டே இருக்கும். ப்ளாங்கற டாக்டர் 1985லயே இந்த நோயப் பத்தி எழுதிட்டாராம், ஜீன் இதுதான்னு தெரிஞ்சது 2001ல, க்ரோன்ஸுக்கும் இதே ஜீன் தான்னு வந்ததும் அதே வருஷம்.

ரிப்போர்ட்ல ஆர்334டபிள்யூ, அதாவது அந்த புரதத்துல 334ஆவது இடத்துல ஆர்ஜினின்ங்கற அமினோ அமிலத்துக்குப் பதிலா டிரிப்டோஃபான். ப்ளால அடிக்கடி பாக்கற மாற்றங்கள்ல ஒண்ணு தானாம். இப்ப அழற்சிய அடக்க வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், ரெண்டு வாரத்துக்கு ஒரு அடலிமுமாப் ஊசி, கண்ணுக்கு சொட்டு மருந்து. ஊசி நாள்ல வீடே ரெண்டாகும்.

அம்மா அப்பா ரத்தமும் வேணும்னாங்க. ட்யூப்ப எழுதிக்கிட்டே கவுன்சிலர் என் கையவே பாத்தாங்க. என் சுண்டு விரலும் மோதிர விரலும் சின்னதுலேருந்தே மடங்கி தான் இருக்கும், எங்கப்பாவுக்கும் அப்படித்தான், வீட்ல அத குடும்ப விரல்னு கிண்டல் பண்ணுவோம். எனக்கும் அதே மாற்றம். ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி சான்ஸாம், ஆனா எவ்ளோ கடுமையா வரும்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும். ஸ்லிட் லேம்ப்ல என் இடது கண்ணோட பாவை ஒரு ஓரத்துல லென்ஸோட ஒட்டியிருக்கு, எப்பவோ வந்துட்டுப் போன அழற்சியோட தழும்பாம். அடுத்த கண் செக்கப் எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல, முதல்ல அப்பா தாடைய வைக்கட்டும்னு இப்பவே கண்டிஷன் போட்டுட்டா.