வேலைக்கு ஒரு வருடம் லீவு

எனக்கும் கணவருக்கும் ஓசூரில் ஆளுக்கொரு வேலை. இரண்டையும் விட்டுவிட்டு ஒரு வருடம் வெளிநாடு சுற்றப் போகிறோம் என்று கிருஷ்ணகிரி வீட்டில் சொன்னதும் மாமியார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏன்டா, வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

பணத்தைவிட நாள் கணக்குதான் தலைவலி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்துத் தருகிற ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான் தங்கலாம். ஐரோப்பாவில் தொடர்ந்து ஆறு மாதம் என்று இவர் போட்ட திட்டம் அன்றைக்கே படுத்துவிட்டது. வியட்நாம் இ-விசா 90 நாள் வரை கிடைக்கும், அதனால் முதலில் அங்கே. சோறு கிடைக்கிற ஊர், அதுவும் ஒரு காரணம்.

ஓசூர் வீட்டைக் காலி செய்கிறோம். பைக்கை மச்சினர் எடுத்துக்கொண்டார், கேட்கவே இல்லை!

மாமியார் இப்போது சமாதானம். நேற்று போய்ப் பார்த்தால், இரண்டு கிலோ கேழ்வரகு மாவைச் சலித்து, பையில் கொட்டி, மெழுகுவர்த்திச் சுடரில் பையின் வாயை ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

"அங்க களி கிடைக்குமா?"

கிடைக்காதுதான். என் நிஜமான வருத்தம் வேறு. அடுத்த மாம்பழ சீசனுக்கு ஊரில் இருக்க மாட்டோம்.